அண்ணாமலையார் அட்டை போட்ட புத்தகம்

ரமணாசிரம வாசலைத் தாண்டி ஐம்பது அடி நடப்பதற்குள் மூன்று பேர் என்னைத் திருத்தப் பார்த்தார்கள்.

"தம்பி, எதிர்ல வர்றியே! மலை சோத்துக் கைப் பக்கம் இருக்கணும்."

பௌர்ணமி, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. செங்கம் ரோடு முழுக்கத் தலைகள். ஊரே ஒரு பக்கமாக நடந்துகொண்டிருந்தது, நான் மட்டும் அதன் நெஞ்சில் முட்டிக்கொண்டு டவுன் பக்கம் போனேன். தோளில் துணிப் பை. கையில் நீல பிளாஸ்டிக் பக்கெட், அதற்குள் போர்வை, சோப்பு டப்பா, சார்ஜர், ஒரு புத்தகம். செருப்பு வார் கிளம்பும்போதே அறுந்துவிட்டது. வெறுங்காலைப் பார்த்தவர்கள், ஏதோ வேண்டுதல்காரன், திசைதான் குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

"கிரிவலம் இல்லக்கா. வேலைய விட்டுப் போறேன்" என்றேன், கையைப் பிடித்தே திருப்பப் பார்த்த ஒரு அக்காவிடம்.

"அதுக்கென்ன, சுத்திட்டுப் போயேன். பதினாலு கிலோமீட்டர்தான? அடுத்த வேலை நல்லதா அமையும்."

அடுத்த வளைவில் அன்னதானம். கரண்டி பிடித்திருந்தவர் என் பக்கெட்டைப் பார்த்து, பெரிய குடும்பத்துக்காரன் என்று முடிவு செய்து, சாம்பார் சாதத்தை அதிலேயே கொட்ட வந்தார். பாய்ந்து புத்தகத்தை வெளியே எடுத்தேன். அதன் அட்டையில் அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் நின்றார்கள், மேலே சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. அவர் கரண்டியை வைத்துவிட்டு, புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

உள்ளே, நூறாவது பக்கத்தில், இரண்டு பையன்கள் ஒருவன் கையை ஒருவன் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு அது தெரியாது. கொஞ்ச நேரம் முன்பு வரை என் முதலாளிக்கும் தெரியாது.

துறந்து போனவை

அப்போது நான் வேலை பார்த்தது செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு கெஸ்ட் ஹவுஸில். ஒரு காலத்தில் மணிலாக் கொட்டை போட்ட நிலம். கிணறு வற்றியதும் முதலாளி அதில் எட்டு அறைகளைப் பயிர் செய்தார். மழை பொய்த்தாலும் அறுவடை பொய்க்கவில்லை. படுக்கை விரிப்பது, கக்கூஸ் கழுவுவது, வெளிநாட்டுக்காரர்களின் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் படிவம் நிரப்புவது, மூன்றும் என் வேலை.

ஞானம் தேடி வருபவர்கள் போகும்போது என்னென்ன விட்டுப் போவார்கள் என்று என்னைக் கேட்டால் பட்டியலே தருவேன். யோகா பாய், பாதி ஷாம்பு, உடைந்த ருத்ராட்சம், சில சமயம் கூட வந்த கணவன். ஆனால் அதிகம் விட்டுப் போவது புத்தகம்தான். விமானத்தில் பெட்டி எடை ஜாஸ்தி என்று தெரிந்த நிமிடமே புத்தகங்களைத் துறந்துவிடுவார்கள். இந்த ஊரில் நான் பார்த்த மிகப் பெரிய துறவு அது.

முதலாளி அவற்றைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுவார். அதற்கு முன் நான் ஒரு தடவை துழாவுவேன். அப்படிக் கிடைத்ததுதான் இது. ஆறாம் நம்பர் அறையில் பத்து நாள் மௌனம் இருந்த ஒரு இளம்பெண் தலையணைக்கு அடியில் விட்டுப் போயிருந்தாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று எழுதிய ஆங்கிலக் கதை. அட்டையில் இரண்டு பையன்கள் புல்லில் தலையோடு தலை முட்டப் படுத்திருந்தார்கள். படத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. நமக்கு அந்த விஷயத்தில் மோப்பம் கொஞ்சம் கூர்மை.

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்கு நான் எப்படிப்பட்டவன் என்று தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாக: எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டதற்கு அது ஒரு காரணம், கணக்கு இன்னொரு காரணம். பத்தொன்பது வயதில் வீட்டை விட்டதற்குக் கணக்கு காரணமில்லை.

நூறு பக்கத்துக்கு ஒரு கை

என் ஆங்கிலம் அறை வாடகை பேசப் போதும், கதை படிக்கப் போதாது. புரியாத வரிகளுக்கு மேல் போனைப் பிடிப்பேன். அது தமிழ் மாதிரி ஒன்றைக் காட்டும். இரண்டையும் சேர்த்துப் பிசைந்து ஒரு நாளைக்கு நாலு பக்கம்.

ஒருவன் நீச்சல்காரன், இன்னொருவன் பள்ளி பேண்டில் டிரம் அடிப்பவன். நீச்சல்காரனுக்கு இவனைப் பிடிக்கும். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறான். குளிக்கும்போது யோசிக்கிறான், நாயை நடத்திப் போகும்போது யோசிக்கிறான், நாய்க்கே போரடித்துவிடுகிறது. நூறாவது பக்கத்தில்தான் கையைத் தொடுகிறான். எங்கள் பக்கமாக இருந்தால் அதற்குள் இருவருக்கும் பெண் பார்த்து, நிச்சயம் முடித்து, பத்திரிகையும் அடித்திருப்பார்கள்.

சிரித்துக்கொண்டேதான் படித்தேன். ஆனால் தொண்ணூற்று எட்டாவது பக்கத்தை மூன்று நாள் திருப்பாமல் வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்னைப் போல ஒருவன் ஒரு புத்தகத்தில் வந்து, செத்துப்போகாமல், கிண்டலுக்கு ஆளாகாமல், வெறுமனே காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருப்பதை நான் அதுவரை படித்ததில்லை. முப்பது வயது ஆகியிருந்தது.

அட்டைதான் பிரச்சினை. ரிசப்ஷன் மேசையில் வைத்துப் படிக்க முடியாது. பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போடுகிற நம் ஊர் வழக்கம் கைகொடுத்தது. நகைக்கடைக் காலண்டர் ஒன்றைக் கிழித்து, எல்லோரும் வெள்ளைப் பக்கம் வெளியே வரும்படிதான் போடுவார்கள், நான் சாமி பக்கம் வெளியே வரும்படி போட்டேன். இந்த ஏரியாவில் சாமி படம் போட்ட புத்தகத்தை யாரும் என்ன என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் நாம் விளக்க ஆரம்பித்துவிடுவோமோ என்ற பயம்.

விஜயதசமி

முதலாளியின் மனைவி வசந்தா அம்மாவைக் கணக்கில் சேர்க்காதது என் தப்பு.

ஆயுத பூஜைக்கு அவர் ரிசப்ஷனில் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போனார். வருகைப் பதிவேடு, ஸ்டேப்ளர், ஸ்வைப் மெஷின், என் புத்தகம். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து சரஸ்வதி முன்னால் அடுக்கிவிட்டார். பூஜையில் வைத்த புத்தகத்தை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் எடுத்ததும் ரெண்டு பக்கமாவது படித்தாக வேண்டும்.

மறுநாள் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "படிடா. சாமி புஸ்தகம் இங்கிலீஷ்ல இருக்குது. தமிழ்ல சொல்லு, நானும் கேக்கறேன்."

"அப்பால படிக்கறேன்மா."

"அப்பாலனு சொன்னா வருஷம் பூரா அப்பாலதான். உக்காரு."

சரஸ்வதி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பையன் இருந்தான், நன்றாக நீந்துவான் என்று ஆரம்பித்தேன். ரெண்டு பக்கத்தில் நிறுத்தியதும் வசந்தா அம்மா, "சாமி எப்ப வருவாரு?" என்றார்.

"மெதுவா வருவாரும்மா."

மறுநாள் பதினோரு மணிக்கு, அறை வேலை முடிந்ததும், முருங்கைக் கீரையும் முறமுமாக வந்து உட்கார்ந்தார். அதற்கடுத்த நாளும். மூன்றாம் நாள் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கீரை ஆய்ந்த கை நின்றதை நான் பார்த்தேன். எழுந்து போவார் என்று காத்திருந்தேன். போகவில்லை. "ம், சொல்லு" என்றார். சாமி எப்போது வருவார் என்று அதன்பிறகு கேட்கவே இல்லை.

நாலாம் நம்பர் அறை

நீச்சல்காரன் மற்றவனை இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூட்டிவரும் இடம் வந்தது.

"அந்தப் பையன் எந்த ரூம்ல தங்கினான்?" என்று கேட்டார் வசந்தா அம்மா.

"புஸ்தகத்துல ரூம் நம்பர் போடலமா."

பிறகு அவராகவே சொன்னார். ஒரே மகன் கார்த்தி, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மூன்று வருடம் முன்பு தீபத்துக்கு ஒரு நண்பனோடு வந்தான். நாலாம் நம்பர் அறையைத் திறந்து கொடுத்தார். தீபம் முடிந்த மறுநாள் கார்த்தி அடுப்படியில் வந்து நின்று, இவன் வெறும் நண்பன் இல்லை என்றான்.

"நான் கையில இருந்த தோசைக் கரண்டிய வீசிட்டேன். மேல படல. 'இனிமே அவனோட இந்த வாசப்படி மிதிக்காத'னு சொன்னேன். மிதிக்கல. ரெண்டு தீபம் போச்சு. போன் பண்ணா எடுக்க மாட்டான். மெசேஜ் போட்டா ரெண்டு நீலக் கோடு விழுது, அவ்ளோதான்." முறத்தைத் தட்டினார். "சரி, அந்தப் பையனோட அம்மா என்ன பண்ணா? அதச் சொல்லு."

இங்கேதான் நான் கெடுத்தேன்.

அந்தப் புத்தகத்தில் அம்மா ஒன்றுமே செய்வதில்லை. மகன் சொல்கிறான், அவள் கட்டிப்பிடிக்கிறாள், இனிப்பு தோசை மாதிரி ஒன்று சுட்டுக் கொடுக்கிறாள். ஒன்றரைப் பக்கம். முதல் தடவை படித்தபோது புத்தகத்தைத் தூக்கி எறியலாமா என்று இருந்தது. இந்த ஒன்றரைப் பக்கத்தை நம்ப என்னால் முடியவில்லை. கரண்டி வீசிய அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? அதனால் எனக்குத் தெரிந்த ஒரே அம்மாவை உள்ளே இறக்கினேன்.

நீச்சல்காரனின் அம்மா அழுதாள், நெஞ்சில் அடித்துக்கொண்டாள். மகனைப் பூசாரியிடம் கூட்டிப்போனாள். வேப்பிலையால் அடித்தார்கள், மூன்று நாள் சோறு இல்லை, மிளகாய்ப் புகை போட்டார்கள். புகை போட்டால் கண் எரியும், இருமல் வரும், வேறு எதுவும் போகாது. நான்காம் நாள் அவன் ஒரு லாரியில் ஏறினான். இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன், புத்தகத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே.

வசந்தா அம்மா என்னையே பார்த்தார். "பாவி" என்றார். யாரைச் சொன்னார் என்று கேட்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து ஒரே கேள்வி. "அவ போன் பண்ணாளா?"

"இன்னும் இல்லமா."

"எப்ப பண்ணுவா? தீபத்துக்குள்ள பண்ணிடுவாளா?"

என் கதையில் அதற்கு மேல் பக்கமே இல்லை. ஒரு வாரம் நீச்சல் போட்டி, மழை, நாய்க்கு உடம்பு சரியில்லை என்று இழுத்துக்கொண்டிருந்தேன்.

வாழ்த்துகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டாம் நம்பர் அறையில் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மையார் டீ குடித்துக்கொண்டிருந்தார். முதலாளிக்குத் திடீரென்று பெருமை பொங்கியது. என் புத்தகத்தை எடுத்து நீட்டி, "மை ஒய்ஃப், டெய்லி ரீடிங். ஸ்பிரிச்சுவல் ஃபேமிலி" என்றார்.

அந்த அம்மையார் பொட்டைத் தொட்டுப் பார்த்தார், திறந்தார், இரண்டு பக்கம் படித்தார். அவர் கண் கலங்கியது. எழுந்து முதலாளியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இரண்டு பையன்களின் காதல் கதையைப் பூஜையில் வைத்துப் படிக்கிற குடும்பத்தை உலகத்தில் எங்கேயும் பார்த்ததில்லை என்றார். "சோ பிரேவ்! சோ பிரேவ்!"

முதலாளி சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு மெதுவாக முகத்தை விட்டு இறங்கியதை என்னால் மறக்க முடியாது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் கூப்பிட்டார். "கோயில் ஊர்டா இது. இந்த மாதிரி அசிங்கத்த சாமி அட்டை போட்டு என் வீட்டுப் பூஜை ரூம்ல வச்சிருக்க. மூட்டையக் கட்டு."

கோயில் ஊர்தான். தீபத்தன்று மலையில் ஜோதி ஏறுவதற்கு முன்னால், பாதி ஆண் பாதி பெண்ணான சாமி ஆடிக்கொண்டு வெளியே வருவார். லட்சம் பேர் அரோகரா போடுவார்கள். முதலாளியும் தலைக்கு மேல் கை தூக்கி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். சாமி இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறார். அதனால் தொந்தரவு இல்லை போலிருக்கிறது.

வசந்தா அம்மா கதவோரம் நின்றிருந்தார். "விடுங்க, அவன் என்ன..." என்று ஆரம்பித்தார். முதலாளி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கோபம் வந்தது எனக்கு, இல்லை என்று சொல்ல மாட்டேன். பக்கெட் என்னுடையது, எடுத்துக்கொண்டேன். புத்தகத்தைக் குப்பையில் போட முதலாளி கூடை வரை போனார். மேலே அண்ணாமலையார். கை வரவில்லை. திரும்பி வந்து என் பக்கெட்டில் போட்டார்.

பொருள்

அப்படித்தான் அந்த எதிர் நடை. அன்னதான சாதத்தை இலையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டில் கிரிவலம் முடித்துப் படுத்திருந்தவர்களோடு நானும் படுத்தேன். புத்தகத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டேன். முந்நூறு பக்கம், நல்ல உயரம்.

காலையில் வேங்கிக்கால் போனேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். எதிரில் ஜெராக்ஸ் கடை வாசலில் பாஸ்கர் என்பவர் மேசை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்தார். எதிரில் முப்பது பேர் நின்றார்கள், அவருக்கு இருந்தது ஒரே கை. வலது கையைத்தான் சொல்கிறேன், இடதில் டீ.

"எழுத ஆள் வேணுமாண்ணே?"

"தப்பில்லாம எழுதுவியா?"

"தப்பு வரும். எழுத்து தெளிவா இருக்கும்."

பேனாவை நீட்டினார். வேலை கிடைத்தது. பட்டா மாற்றம் ஒன்று, சாக்கடை ஒன்று, முதியோர் பென்ஷன் ஒன்று எழுதி முடித்தபோது போன் அடித்தது.

"எங்கடா கீற?" வசந்தா அம்மா.

சொன்னேன். அரை மணியில் ஆட்டோவில் வந்து இறங்கினார். வரிசையில் நின்றார். முறை வந்ததும் மற்றவர்களைப் போலவே என் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"முடிவு சொல்லாம வந்துட்டியே."

"அம்மா, ஒண்ணு சொல்லணும். அந்தப் புஸ்தகத்துல அம்மா..."

"வேப்பிலையால அடிக்கல. அதான?" புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "வெள்ளக்காரிக்கு ஏதுடா வேப்பிலை? மிளகாப் புகை வேற. அன்னைக்கே தெரியும். அது உங்கம்மாதான?"

தலையாட்டினேன்.

"அப்பால போன் பண்ணாங்களா?"

"இல்லமா."

"எத்தன வருஷம்?"

"பதினொண்ணு."

பின்னால் நின்றவர், "என்னம்மா, பட்டாவா? சீக்கிரம்" என்றார். வசந்தா அம்மா திரும்பவில்லை.

"நெசமா அந்தப் புஸ்தகத்துல அவ என்னதான் பண்ணா?"

"தோசை மாதிரி ஒண்ணு சுட்டுக் குடுத்தாங்க. மேல தேன் ஊத்தி."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"இதுக்கா முந்நூறு பக்கம்?" என்றார். பிறகு மேசையிலிருந்த வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "எழுது. எனக்கு எழுதத் தெரியாம இல்ல, எட்டாவது படிச்சவ. ஆனா எழுத உக்காந்தா திட்டுதான் வருது. நீ எழுதுனா ஒழுங்கா வரும்."

பழக்க தோஷம். காலையிலிருந்து எழுதிய கை, தானாகவே அனுப்புநர் என்று போட்டது. வசந்தா, க/பெ இன்னார். பெறுநர், கார்த்தி, பெங்களூர். கிழிக்கப் போனேன். "இருக்கட்டும். இப்படியே எழுது, இதுதான் சரியா கீது" என்றார்.

"பொருள்னு ஒண்ணு வரும்மா. எது சம்பந்தமா மனுன்னு."

யோசித்தார். "தீபத்துக்கு வீட்டுக்கு வர்றது சம்பந்தமானு போடு."

போட்டேன்.

"தனியா வர வேணாம்னு போடு. நாலாம் நம்பர் யாருக்கும் விடலனு போடு. அவரு குதிப்பாரு, குதிக்கட்டும், அத நான் பாத்துக்கறேன். அத மட்டும் போடாத."

எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். கடைசி வரியில் 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார்.

"இன்னாடா இது? நான் அவன பெத்தவ. எனக்கென்ன தாழ்மை?"

"எல்லா மனுவுலயும் வரும்மா. அடிச்சிடட்டுமா?"

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வேணாம், இருக்கட்டும்" என்றார். "எங்க கையெழுத்துப் போடணும்?"